அமெரிக்க அடிமைப் பெண்களின் தாய்மை குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808இல் தடை செய்தது. ஆயினும் 1810இல் ஏறத்தாழ 12 இலட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை, 1860இல் 40 இலட்சத்தை நெருங்கியது எவ்வாறு?

மறுமொழி 1:
முதற்காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில் 1662இல் இயற்றப்பட்ட சட்டப்படி, தகப்பன் யாராயினும் குழந்தை தாயின் நிலையையே அடையும். எனவே எசமானனே வன்புணர்ந்து பிறந்த பிள்ளையும் அவனுடைய சொத்துக் கணக்கில்தான் சேர்ந்தது. பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட, இரண்டாண்டுக்கு ஒரு பிள்ளை பெறும் பெண்ணே அதிக இலாபம் தருபவள் என்று அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் 1820இல் ஒரு கடிதத்தில் எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் எழுதியதும் அதே கைதான்.

மறுமொழி 2:
உடன்படுகிறேன், ஆனால் அப்பெண்கள் அனைத்துக்கும் அடங்கிக் கிடந்தார்கள் என எண்ணலாகாது. கருவைக் கலைக்கப் பருத்திச் செடியின் வேரை மென்றவர்கள் உண்டு. திருமணத்துக்குச் சட்ட மதிப்பே இல்லாதபோதும் குடும்பமாக வாழ முயன்றார்கள்: வேறு பண்ணையில் இருந்த கணவன், எசமானன் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டுடன் சனிக்கிழமை இரவு நடந்து வந்து, திங்கட்கிழமை வேலை தொடங்குமுன் திரும்பிவிடுவான்.

கேட்டவர்:
விற்கப்பட்ட பிள்ளைகளை விடுதலைக்குப் பிறகு தேடினார்களா?

மறுமொழி 2:
தேடினார்கள். அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1865க்குப் பின் பல்லாண்டுகள், கறுப்பின மக்களின் செய்தித்தாள்களில் பிள்ளைகளைத் தேடும் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. பிள்ளையின் பெயர், விற்றவன் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர்; பெரும்பாலும் அவ்வளவுதான் தாய்க்குத் தெரிந்திருந்தது.