ஒளிரும் கல்லைப் பத்தி ஆராய்ச்சி பண்ண பிள்ளையை அனுப்பலாமா?

லயத்துப்பிள்ளை:
சுங்கை சிப்புட் மக்களே, ஒரு யோசனை வேணும். தங்கச்சி மகள் வேதியியல் டிகிரி முடிச்சிட்டா. ஹேக்மனைட்னு ஒரு கனிமம், பின்லாந்து தூர்க்கு பல்கலைக்கழகத்தில் பல வருஷமா ஆராயுறாங்க. அரிய மண்ணுன்னு (ரேர் எர்த்) சொல்ற உலோகங்கள் சேர்க்காமலே ஒளிருமாம். மாஸ்டர்ஸ் படிச்சா அதைத்தான் படிப்பேன்னு நிக்கிறா. வீட்ல யாருக்கும் மனசில்லை.

லோரிக்காரர்:
தம்பி, சிலாங்கூர் செமினியில் 2023-ல் 245 மீட்டர் ரோட்டுக்கு ஒளிரும் கோடு போட்டாங்க. ராத்திரி அந்த வழியா லோரி ஓட்டியிருக்கேன், கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனா சதுர மீட்டருக்கு 749 ரிங்கிட்! சாதாரண பெயின்ட் 40 ரிங்கிட். கட்டுப்படியாகாதுன்னு 2024-ல் கைவிட்டாங்க. அழகு சோறு போடாது.

கல்லு டீச்சர்:
விலை உண்மைதான் அண்ணே. ஆனா நெடுநேரம் ஒளிரும் பெயின்ட்ல வழக்கமா இருக்கிறது ஸ்ட்ரோன்சியம் அலுமினேட். அதுல யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் கலப்பாங்க, ரெண்டுமே அரிய மண். ஹேக்மனைட் அப்படியில்லை. சோடியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன், குளோரின், துளி கந்தகம், அவ்வளவுதான். சலவைத்தூள்ல போடுற ஜியோலைட்டையும் உப்பையும் கலந்து உலையில சுட்டே செய்றாங்க.

லாஹாட் அக்கா:
நான் ஈப்போகிட்ட புக்கிட் மேரா பக்கம் வளர்ந்தவ. அங்க அரிய மண் ஆலை 1982-ல் திறந்து 1994-ல் மூடினது. வெள்ளீயம் தோண்டுற ஈயலம்பத்துல மிஞ்சுற அமாங் மணல்ல மோனசைட்னு ஒரு கனிமம் இருக்கும். அதிலிருந்து அரிய மண்ணைப் பிரிச்சா தோரியம் மிஞ்சும், கதிரியக்கக் கழிவு. 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஊர் மக்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அடுத்த வருஷமே மேல்முறையீட்டுல அது மாறிப்போச்சு. எங்கம்மா மழையில நனைஞ்ச துணியை மறுபடி அலசாம உடுத்த விடமாட்டாங்க. வாசல்ல வாளி வச்சா கவிழ்த்துடுவாங்க. அரிய மண் வேணாம்னு ஒரு பிள்ளை படிக்கப் போனா, நான் கும்பிட்டு அனுப்புவேன்.

லோரிக்காரர்:
அக்கா, உங்க வலி புரியுது. ஆனா அந்தக் கல்லு ரோட்டுக்கு ஆகுமா? எங்கப்பா விடியுமுன்னே தலையில விளக்கு கட்டி ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனவர். வெளிச்சம் பத்தலைன்னா உளி ஆழமா இறங்கி மரம் காயப்படும், வேலையைக் கண்காணிக்கிற தண்டல் ஏசுவார். எனக்கு வெளிச்சம்னா அதுதான். தோட்டத்துப் பாதைக்கு சோலார் விளக்கு போதும்.

கல்லு டீச்சர்:
அந்த சோலார் விளக்கை அணைச்சிட்டு உத்துப் பாருங்க அண்ணே. சின்னதா மஞ்சள் பொட்டு தெரியும். உள்ளே வர்றது நீல ஒளி. அந்த மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குது. பூச்சுல இட்ரியமும் சீரியமும் இருக்கு. அரிய மண் அங்கேயும் வந்தாச்சு!

ரோட்டுக்குப் போதுமான வெளிச்சம் ஹேக்மனைட்ல இல்லை, ஒத்துக்கிறேன். அதோட வேலை வேற. ரிங்கிட் நோட்டைச் சோதிக்கிற புற ஊதா டார்ச்சை என்கிட்ட இருக்கிற வெள்ளை ஹேக்மனைட் கல்லுமேல ஒரு நிமிஷம் பிடிச்சேன். ஓரம் சிவந்து, அப்புறம் முழுசும் கத்தரிப்பூ நிறமாச்சு. ஜன்னல்ல வச்சேன், மணி அடிக்கிறதுக்குள்ள வெளுத்துடுச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க ஒருத்தரும் ரெஸ்ட்டுக்கு எழுந்து போகலை. புற ஊதா எவ்வளவு பட்டுச்சோ அவ்வளவு நிறம் ஏறும். வெயில்லயே நிக்கிற தோட்டத்து ஆளுங்களுக்கு, பேட்டரி இல்லாம திரும்பத் திரும்ப உதவுற அளவுகோல் அது. தூர்க்குல அதையும்தான் ஆராயுறாங்க.

லோரிக்காரர்:
அப்படிச் சொல்லுங்க டீச்சர், அது காதுல ஏறுது. ஆனா மாஸ்டர்ஸ் முடிச்சிட்டு வந்தா இங்க எந்த ஆலை வேலை தரும்? ஏற்கனவே டிகிரி படிக்க வாங்கின பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்குமே. இன்னொரு கடன் அந்தப் புள்ள தலையில வேணாம். உதவித்தொகை கிடைச்சா மட்டும் அனுப்பு தம்பி. இதுல நான் மாற மாட்டேன்.

லயத்துப்பிள்ளை:
உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கா அண்ணே. டீச்சர், ஞாயித்துக்கிழமை அவளோட அம்மாவையும் கூட்டிட்டு வரேன். அந்தக் கல்லையும் டார்ச்சையும் எடுத்து வைங்க.