திருநீற்றுப் புதன்: நெற்றிச் சாம்பலைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வோம். காலைப் பூசை முடித்து நேராக வேலைக்குப் போனால், "முகத்துல கரி ஒட்டியிருக்கு, துடைங்க" என்று யாராவது சொல்வார்கள். அது தெரியாமல் சொல்வது. "இன்னைக்குத் தவக்காலம் தொடங்குது" என்று ஒரு வரி போதும். "நீங்களும் பட்டை போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்ற கேலிதான் வலிக்கும். அதற்காகச் சைவர்களின் திருநீற்றை மட்டமாகப் பேசிவிடாதீர்கள், அவர்களுக்கு அது புனிதம். போன வருசக் குருத்து ஞாயிறில் (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு) மந்திரித்த ஓலையை எரித்த சாம்பல் இது, மண்ணுக்கே திரும்புவோம் என்று சொல்லிச் சாமியார் (பாதிரியார்) பூசுகிறார் என்று விளக்குங்கள். சாவை நினைக்கும் அடையாளம் என்று தெரிந்தபின் சிரிக்கிறவர்கள் குறைவு.

*

அதைவிடக் கடுமையான பேச்சு, வேறு சபைக்குப் போன சொந்தக்காரர்களிடமிருந்துதான் வரும். "வேதத்துல எங்க இருக்கு?" என்பார்கள். பைபிளில் யோனா 3:6-இல் நினிவே அரசன் சாம்பலில் உட்காருகிறான். தானியேல் 9:3, யோபு 42:6 இரண்டையும் காட்டலாம். நெற்றியில் சிலுவையாகப் பூசச் சொல்லும் கட்டளை வேதத்தில் இல்லை, அது திருச்சபை மரபு. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே சரி. உடனே மத்தேயு 6:16-18-ஐ எடுப்பார்கள்: நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவச் சொல்கிறாரே இயேசு! அன்றையப் பூசையில் வாசிக்கிற நற்செய்தியே அதுதான். ஊருக்குக் காட்டப் பூசுவதில்லை. வீட்டுக்கு வந்து கழுவினாலும் பாவமில்லை. ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) சுத்தபோசனமும்தான் (இறைச்சி தவிர்ப்பது) அன்றைய கடமை. சாம்பல் பூசாவிட்டால் குற்றம் என்று சட்டம் ஏதும் கிடையாது.

*

பட்டை என்று நினைப்பதற்குச் சாம்பலின் நிறமும் ஒரு காரணம். ஓலையை வெளுக்க எரித்தால் நெற்றியில் வெள்ளையாகத்தான் தெரியும். கோயிலில் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஓலை சருகாகக் காய்ந்திருக்கணும், ஈரம் இருந்தால் புகைந்து பிசுபிசுக்கும். மண்சட்டியில் எரியுங்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தீ அடங்கிக் கறுப்பாக இருக்கும்போதே மூடிவிட்டால் வெளுக்காது. ஆறியதும் இடித்து, மெல்லிய துணியில் சலித்தால் நெற்றியில் உறுத்தாது.

சாம்பலைக் குழைக்கத் தண்ணீர் மட்டும் விடவே கூடாது. சாம்பலில் உள்ள காரம் கரைந்து தோலைப் புண்ணாக்கிவிடும். அப்படியே பூசலாம், ஒட்டாவிட்டால் சில சொட்டு எண்ணெய் போதும். எரிச்சல் தெரிந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தோல் ஒத்துக்கொள்ளாதவர்களும், வேலையிடத்தில் தொந்தரவு அதிகம் உள்ளவர்களும் உச்சந்தலையில் தூவச் சொல்லிச் சாமியாரிடம் கேட்கலாம். ரோமில் அதுதான் வழக்கம். கொரோனா காலத்தில், 2021-இல், எல்லா இடங்களிலும் அப்படியே செய்ய வத்திக்கான் சொன்னது.