புதுப்பிப்பு: பாசியிடம் சிக்கிய உலோகம் எங்கே போகும்?

பாசியின் செல்சுவர், தண்ணீரில் கலந்த ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்களை எல்லாம் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும் என்று முன்பு எழுதியதற்கு, "சரி, அப்புறம் அந்தப் பாசியை எங்கே கொட்டுவது?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. செத்த பாசிப் பொடியும் உலோகத்தைப் பிடிக்கும். நீர்த்த அமிலத்தில் அலசினால் பெரும்பாலும் கழன்று வந்துவிடும், அதே பொடியை மறுபடியும் உலோகம் பிடிக்கப் பயன்படுத்தலாம். ஆனால் எனக்குப் பிடித்தது, பாசியே இல்லாத பாக்டீரியா வழிதான். நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் 1992-இல் தொடங்கியது அது: எத்தனாலைத் தின்றுகொண்டு, ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டை (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்தது) வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியா, அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிட, மாசுபட்ட நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் துத்தநாகம் அதோடு சேர்ந்து, நீரில் கரையாத துத்தநாக சல்ஃபைடாகப் படிந்துவிடும். அந்தப் படிவு அதே ஆலைக்கு மூலப்பொருளாகப் போகிறது, கொட்ட இடம் தேடும் வேலையே இல்லை.