மோட்டார் பிளைண்டும் சுவர் சுவிட்சும்: பட்டவர்கள் எழுதுங்கள்

மாடிவெயில், சென்னை

எங்கள் ஹாலில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், இரண்டு ரோலர் பிளைண்ட் (சுருண்டு ஏறும் திரை), குழாய் மோட்டார், 230 வோல்ட், நாலு வயர். இன்டீரியர் வேலைக்கு வந்தவர்களின் ஆள் இரண்டு மோட்டாரின் பழுப்பு வயரையும் ஒன்றாக முறுக்கி, கறுப்பையும் ஒன்றாக முறுக்கி, ஒரே சுவிட்சில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேலே ஏறும்வரை ஜோராகத்தான் ஏறியது. இடது பக்கத்துப் பிளைண்ட் லிமிட்டை, அதாவது நிற்க வேண்டிய எல்லையை, தொட்டதும் நிற்கவில்லை. ஒரு விரற்கடை கீழே இறங்கும், டக், மறுபடி மேலே, டக், மறுபடி கீழே. துணியின் அடிப்பட்டை கண்ணாடியில் தடதடவென்று அடிக்கிறது, அம்மா அடுக்களையிலிருந்து "அமத்துடா, அமத்துடா" என்று கத்துகிறார். அந்த டக் டக் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

போனில் கேட்டால் "மோட்டார் டிஃபெக்ட் சார், மாத்திக் கேளுங்க" என்றார் அந்த ஆள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இரண்டு சுருள், நடுவில் ஒரு கெப்பாசிட்டர். மேலே போகும் வயரில் பேஸ் கொடுத்தால் கெப்பாசிட்டர் வழியாகக் கீழே போகும் வயரிலும் மின்னழுத்தம் வந்து நிற்கும். ஒரு மோட்டார் மட்டும் இருந்தால் அது யாரையும் தொந்தரவு செய்யாது. இரண்டைச் சேர்த்து முறுக்கினால், முதலில் லிமிட்டைத் தொட்டு நின்ற மோட்டாருக்கு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் பின்வழியாகக் கரண்ட் கொடுத்துக் கீழே இறக்கும். இறங்கியதும் லிமிட் விட்டுவிடும், மறுபடி ஏறும். இப்படியே விட்டால் லிமிட் சுவிட்ச் போய்விடும். இப்போது ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஷெல்லி 2பிஎம் (சுவிட்ச் பாக்ஸுக்குள் வைக்கும் சின்ன வைஃபை மாட்யூல்), சுவிட்ச் அதன் இன்புட்டில். சத்தம் நின்றுவிட்டது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

வயரிங் கோவை

நடந்திருக்கிறது தம்பி, அடிக்கடி நடக்கிறது. ஆனால் நான் பார்த்ததில் மனசை உறுத்துவது வேறு. சரவணம்பட்டி பக்கம் ஒரு தனி வீடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று சாதாரண லைட் சுவிட்ச் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். வீட்டுப் பையன் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறான். இரண்டு பக்கமும் பேஸ் போனால் மோட்டார் சுற்றாது, உம்மென்று நிற்கும், சூடாகும். நான் போனபோது குழாயில் கை வைக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா மோட்டார் எரிந்துவிட்டதென்று புதிதாக ஆர்டர் போட்டுவிட்டு, பையனை அடித்தும்விட்டார். அவன் கதவுக்குப் பின்னால் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். அரை மணி ஆறவிட்டுப் போட்டேன், ஓடியது. உள்ளே இருக்கும் தெர்மல் கட் ஆஃப் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வகை மோட்டாரில் பெரும்பாலானவை தொடர்ந்து 4 நிமிஷம் ஓடத்தான் செய்யப்பட்டவை.

புது வீடு கட்டுகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்த்து அமுக்க முடியாத இன்டர்லாக் சுவிட்ச் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நடுவில் ஆஃப் உள்ள டூவே போடுங்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி வயர், எர்த்தோடு, சுவிட்ச் பாக்ஸ் வரைக்கும் வரட்டும். மேலே பால்ஸ் சீலிங்குக்குள் ஜாயிண்ட் போட்டு மூடாதீர்கள், பிறகு யாராலும் திறக்க முடியாது. ஷெல்லி மாதிரி மாட்யூல் வைக்கப் பாக்ஸுக்கு நியூட்ரல் கட்டாயம், நம் ஊரில் அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் நியூட்ரல் இருக்கும், தனி சுவிட்ச் மட்டும் உள்ள பாக்ஸில் இருக்காது, அதை இப்போதே இழுத்து வைத்துவிடுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் எதையும் மோட்டார் லைனில் தொடாதீர்கள். இரும்பு பாக்ஸுக்குள் வைஃபை மாட்யூலைத் திணித்தால் சிக்னல் குறையும், அதனால் ஆழமான பிளாஸ்டிக் பாக்ஸ் நல்லது. லிமிட்டை முதலில் சுவிட்சிலேயே செட் பண்ணிச் சரியாக நிற்கிறதா பார்த்துவிட்டு, அப்புறம்தான் ஆட்டோமேஷன் பக்கம் போக வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் முதலில் ஆப்பைத்தான் திறக்கிறார்கள்.

தீவுக்காரன், சிங்கப்பூர்

கோவை அண்ணன் சொல்வதெல்லாம் சொந்த வீட்டுக்குச் சரி. இங்கே எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் சுவிட்ச் பாக்ஸுக்கு நியூட்ரல் அநேகமாக வராது, சுவருக்குள் வயர் வேலை செய்ய லைசன்ஸ் உள்ளவர் வர வேண்டும். ஆகவே 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மோட்டார், சுவரில் ஒட்டும் ரிமோட், நடுவில் ஒரு பிராட்லிங்க் (ரிமோட் சிக்னலைப் பதிவு செய்து திருப்பி அனுப்பும் பெட்டி), வீட்டுக் கருவிகளை ஓட்டும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் மதியம் 2 மணிக்கு மூடு என்று ஒரு ஆட்டோமேஷன். நன்றாகத்தான் ஓடியது.

தங்கை கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போயிருந்தோம். தினமும் சாயங்காலம் போனில் பார்ப்பேன், ஹால் பிளைண்ட் "மூடியுள்ளது" என்றே காட்டும். திரும்பி வந்து கதவைத் திறந்தால் பிளைண்ட் மேலே சுருண்டு கிடக்கிறது, வெயில் நேராக மனைவியின் வீணை மேல். மெட்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் மெழுகு இளகி, பித்தளை மெட்டுகளில் சில ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே இறங்கியிருந்தன. அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. தோளில் பையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மெட்டாக விரலால் தடவிக்கொண்டே போனாள். அதற்கு மறுபடி மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிக்க, ஊரிலிருந்துதான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த ரேடியோ ஒருவழிப் பேச்சு. கட்டளை போகும், மோட்டார் பதில் சொல்லாது. திரையில் தெரிவது நாம் அனுப்பியது, நடந்தது அல்ல. ஏதோ ஒரு நாள் கட்டளை போய்ச் சேரவில்லை. இப்போது பிளைண்டின் அடிப்பட்டையில் ஒரு சின்னக் காந்தம், ஜன்னல் திட்டில் கதவுக்கு வைக்கும் ஜிக்பீ (வீட்டுக் கருவிகள் பேசும் ஒரு ரேடியோ முறை) சென்சார். மூடச் சொல்லி ஒரு நிமிஷத்துக்குள் காந்தம் வந்து சேராவிட்டால் மறுபடி அனுப்பும், அப்போதும் வராவிட்டால் போனுக்குச் செய்தி வரும். ஒரு எச்சரிக்கை: சோம்ஃபி கம்பெனியின் ஆர்டிஎஸ் ரேடியோ மோட்டார் வைத்திருப்பவர்கள் பிராட்லிங்கை நம்பி வாங்க வேண்டாம். அந்த மோட்டார் 433.42 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஒவ்வொரு அமுக்குக்கும் கோட் மாறும், பதிவு செய்து திருப்பி அனுப்பினால் வேலைக்காகாது.

திண்ணை, திருச்சி

தீவுக்காரரே, வீணைக்கு நேர்ந்ததைப் படித்து நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் ஒட்டும் ரிமோட்டை ஒரு சுவிட்சாக எண்ணாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் அது சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக்.

அப்பாவுக்கு மூட்டுவலி, ஜன்னலோரம் நாற்காலியில்தான் பகல் முழுக்க. அவர் அறைக்குப் போட்ட மோட்டார் கம்பெனி ஆப்பிலும் ஒரு ரிமோட்டிலும் மட்டும் ஓடும், ஆப் வெளியூர் சர்வர் வழியாகத்தான் போகும். ஒரு நாள் மழைக்காற்றில் இணையக் கேபிள் அறுந்து, மழை விட்டுச் சுள்ளென்று வெயில். ரிமோட் கட்டிலுக்கு அடியில் விழுந்திருக்கிறது. நான் ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன், மனிதர் ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கோபப்படவில்லை. "சுவத்துல ஒரு சுவிட்ச் வெச்சிருந்தா நானே போட்டிருப்பேன்பா" என்றார். வீட்டில் கரண்ட் இருந்தது, மோட்டார் நன்றாக இருந்தது, ஒரு வயசானவர் கையெட்டும் தூரத்தில் இருந்த திரையை இறக்க முடியவில்லை. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது நாற்காலிக் கை உயரத்தில் பெல் சுவிட்ச் இரண்டு. மாட்யூலின் இன்புட்டுக்கு நேராகப் போகிறது, நெட் இல்லாவிட்டாலும் ரூட்டரே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஆட்டோமேஷன் அதற்கு மேல் ஒரு வசதி. வாங்குவதற்கு முன் ரூட்டரைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறதா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

ஓஎம்ஆர் வாசி

சின்ன அனுபவம்தான். அத்தை பையன் அமெரிக்காவிலிருந்து ஆசையாக இசட்வேவ் என்ற ரேடியோ முறையில் பேசும் பிளைண்ட் கன்ட்ரோலர் வாங்கி வந்தான். இங்கே வாங்கிய ஹப் (கருவிகளை இணைக்கும் பெட்டி) அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே 908.42 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு 865.2. அவன் வாங்கி வந்ததில் சாப்ட்வேரில் மாற்றவும் வழியில்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், வாங்கி வரச் சொன்னால் அதைச் சொல்லுங்கள், வோல்ட்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மாடிவெயில், சென்னை

தீவுக்காரன் மாதிரி 2 மணிக்கு மூடு என்று இங்கே யாரும் நேரம் வைக்காதீர்கள். அவர் ஊரில் பரவாயில்லை, சென்னையில் அது ஒத்துவராது. நவம்பரில் 5.40 வாக்கில் மறைகிற சூரியன் ஜூலையில் 6.40 வாக்கில் மறைகிறது. திசையும் நகரும்: டிசம்பரில் தென்மேற்கே சுமார் 246 டிகிரியில் மறைந்தால், ஜூனில் வடமேற்கே 294 வரை போகும். ஹோம் அசிஸ்டென்ட்டில் சூரியனின் திசையும் உயரமும் தானாகவே கிடைக்கின்றன. என் ஜன்னலுக்கு எதிரே ஒரு கட்டடம் இருக்கிறது, அதன் பின்னால் சூரியன் போனதும் பிளைண்ட் ஏறிவிடும், அம்மாவுக்கு அந்தக் கடைசி வெளிச்சம் வேண்டும். இன்னொன்று, ஹோம் அசிஸ்டென்ட்டில் 100 என்றால் முழுக்கத் திறந்தது, 0 மூடியது. சில மோட்டாரில் தலைகீழாக வரும், கேலிப்ரேஷன் (மேல், கீழ் எல்லையைப் பதிய வைப்பது) முடிந்ததும் கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

திண்ணை அண்ணா, உங்கள் அப்பா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் ஒரு சுவிட்ச் கீழே இறங்கப் போகிறது.

புதுவீடு, மதுரை

எல்லாரும் எழுதுவதைப் பார்த்துப் பயந்து கேட்கிறேன். எங்கள் கர்ட்டன் மோட்டாரில் பவர் வயர் தனி, பக்கத்தில் டெலிபோன் ஜாக் மாதிரி ஒரு ஓட்டை. எலக்ட்ரீஷியன் சுவர் சுவிட்சிலிருந்து வரும் பேஸை அதில் கொடுக்கலாம் என்று வயரைச் சீவிக்கூட வைத்துவிட்டார், சாப்பாட்டு நேரம் என்று கிளம்பினார். நாளைக் காலை வருகிறார். சீவிய செம்பு நுனியைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

வயரிங் கோவை

கொடுக்கவே கூடாதும்மா. அநேகமாக அது டிரை காண்டாக்ட். சுவிட்ச் அதில் இரண்டு முனையைச் சேர்த்துப் பிரிக்க மட்டும்தான், வெளிக் கரண்ட் எதுவும் போகக் கூடாது. 230 வோல்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு அந்த நொடியே போய்விடும். முதலில் அந்த லைனின் எம்சிபியை இறக்கி வைத்துவிட்டு, அப்புறம் சீவிய நுனிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். ஜாக்கின் மேலும் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மோட்டார் பக்கவாட்டில் மாடல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எந்த முனை எதற்கு என்று காலையில் அவர் வருவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.