பார்க்ரன்னில் ஓடாமல் உதவிக்கு மட்டும் போகலாமா?

நெல்லைக்காரி, ரெடிங்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 14 வயது. பள்ளியில், இளைஞர்களுக்கான டியூக் ஆஃப் எடின்பரோ விருதின் வெண்கல நிலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் தன்னார்வப் பணி செய்தாக வேண்டும். சனிக்கிழமை காலையில் பூங்காவில் நடக்கிற பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் செய்யலாம் என்று அவள் தோழி சொன்னாளாம். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கூடப் போய் வேடிக்கை பார்ப்பதற்குப் பதில் நானும் ஏதாவது செய்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஆனால் எனக்கு 49 வயது, ஓடிப் பழக்கமே கிடையாது. வலது முழங்கால் தேய்மானம், படி இறங்கினாலே வலிக்கும். இந்த ஊர்க்காரர்கள் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். ஓடுகிறவர்கள் கூட்டத்தில் ஓடாத ஆள் போய் நின்றால் இடைஞ்சலாக இருக்காதா? என்ன வேலை கொடுப்பார்கள், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? போனவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சனிக்கிழமை ஓட்டம், டெர்பி:

தாராளமாகப் போகலாம். முதலில் இருவரும் பார்க்ரன் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம். ஆளுக்கு ஒரு பார்கோட் கிடைக்கும். அப்புறம் உங்கள் ஊர் பார்க்ரன்னுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த வாரம் எங்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்அனுபவம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஓட்டம் காலை 9 மணிக்கு. நீங்கள் எட்டரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

வடமராட்சியான், லண்டன்:

தங்கச்சி, நான் ஏழு வருடமாகத் தென்மேற்கு லண்டனில் ஒரு பார்க்ரன்னில் நிற்கிறேன். ஒரு நாளும் ஓடியதில்லை. எனக்கும் முழங்கால்தான், முப்பது வருடம் பஸ் ஓட்டிய கால்.

இடைஞ்சலாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இதைத் தொடங்கிய மனிதரே அந்த நேரம் ஓட முடியாமல் இருந்தவர். 2004 அக்டோபர் 2ஆம் தேதி, எங்கள் பக்கம் டெடிங்டனில் இருக்கிற புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள். நடத்தியவர் பால் சிண்டன்-ஹியூவிட். காயம் பட்டு ஓட்டம் நின்றுபோன காலத்தில், கூட ஓடிய நண்பர்களை வாராவாரம் பார்க்கவாவது வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தார். ஓடி முடித்தவர்களுக்கு அப்போது டோக்கனாகக் கொடுத்தது என்ன தெரியுமா? கடையில் வாங்கி எண் பொறித்த இரும்பு வாஷர்கள்! ஆகவே ஓடாத ஆளுக்கு அங்கே முதல் நாளிலிருந்தே இடம் இருக்கிறது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். முடிவுக் கோட்டில் நேரம் குறிப்பவருக்கு ஓடி வருவது யார் என்று தெரியவே வேண்டாம். ஒருவர் கோட்டைத் தாண்ட, கைபேசியில் ஒரு தட்டு. அவ்வளவுதான். நேரங்கள் மட்டும் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். தாண்டியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கயிறு கட்டிய ஒடுங்கிய பாதையில் நடந்து வருவார்கள். அதன் முனையில் நிற்பவர் எண் போட்ட டோக்கனை அதே வரிசையில் கொடுப்பார். கொஞ்சம் தள்ளி இன்னொருவர், ஓடியவரின் பார்கோடையும் டோக்கனையும் தன் கைபேசியில் ஸ்கேன் பண்ணுவார். உங்கள் பெயரோடு 57ஆம் டோக்கன் சேர்ந்தால் 57ஆவது தட்டு உங்கள் நேரம். அந்தப் பாதையில் ஒருவரும் ஒருவரை முந்தக் கூடாது என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான்.

நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் குழப்பினேன். சரியான குளிர், விரல் விறைத்துப் போய் இரண்டு டோக்கன் ஒட்டியபடி ஒரே ஆளின் கைக்குப் போய்விட்டன. அதற்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் ஒரு எண் தள்ளிப் போனார்கள். நல்ல காலம், நடுநடுவே யாருக்கு எந்த டோக்கன், அப்போது என்ன நேரம் என்று எழுதி வைக்க இன்னொரு தன்னார்வலர் நின்றார். அவர் தாளை வைத்து மதியத்துக்குள் முடிவுகளைத் திருத்திவிட்டார்கள். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த சனியும் அதே வேலையைத்தான் கேட்டு வாங்கினேன்.

உங்களுக்கு நான் சொல்வது மார்ஷல் வேலை. பளிச்சென்ற மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு வளைவில் நின்று வழி காட்ட வேண்டும், கை தட்ட வேண்டும். "கீப் லெஃப்ட்", "வெல் டன்", இந்த இரண்டும் போதும். முழங்காலைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெஞ்சுக்குப் பக்கத்து வளைவாகப் பார்த்துத் தருவார்கள். மகளுக்கு ஸ்கேன் வேலையைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபடும், கன பேரோடு கதைக்கவும் கிடைக்கும்.

இன்னொன்று. 5 கிலோமீட்டரை நடந்தே முடிக்கிறவர்களும் நிறைய வருவார்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு தன்னார்வலர் நடந்து வருவது வழக்கம். எவ்வளவு மெதுவாக வந்தாலும் கடைசி ஆள் என்ற பேர் வேறு யாருக்கும் வரக் கூடாது என்பதற்காகவே அந்த வேலை. போன ஜனவரியில் மழைக்குள் ஒரு ஐயா கைத்தடியோடு வந்தார். ஒரு மணி பத்து நிமிடம் பிடித்தது. நான்தான் அன்று நேரம் குறித்தேன். மற்றவர்கள் எல்லாம் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள், நாங்கள் ஆறு பேர் நனைந்துகொண்டு நின்றோம். அவர் டோக்கனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுக்க முடியாது, அடுத்த வாரத்துக்கு வேண்டும். அதைச் சொல்ல எனக்கு மனம் கேட்கவில்லை. கூட நின்ற பிள்ளைதான் அவரையும் டோக்கனையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தது.

லெஸ்டர் அம்மா:

விருதுக்காக என்றால் ஒரு விஷயம். கடைசியில் பார்க்ரன் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைப் பற்றி எழுதித் தர வேண்டியிருக்கும். யார் எழுதித் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் மூன்று மாதம் முடித்த பிறகு போய்க் கேட்டான், அலைச்சலாகிவிட்டது. விருதுக்காக வரும் பிள்ளைகள் அதிகமாகி சில இடங்களில் பட்டியல் சீக்கிரம் நிரம்பியும்விடும். அப்படி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஜூனியர் பார்க்ரன்னுக்குப் போய்ப் பாருங்கள். 4 வயது முதல் 14 வரை உள்ள குழந்தைகளுக்கு 2 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு ஆள் தேவைப்படும், சீக்கிரமும் முடிந்துவிடும். எனக்கென்னவோ சனிக்கிழமையைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

நெல்லைக்காரி, ரெடிங்:

அண்ணா, நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த ஐயா மறுபடி வந்தாரா என்று கேட்கச் சொல்கிறாள்.

மின்னஞ்சல் போட்டு, ஒரு மணி நேரத்தில் பதிலும் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஸ்கேன், எனக்கு ஏரிப் பக்கத்து வளைவில் மார்ஷல். முழங்காலைப் பற்றியும் எழுதியிருந்தேன். அங்கே பெஞ்ச் இருக்கிறதாம். லெஸ்டர் அம்மா சொன்னபடி சான்று எழுதித் தருவது யார் என்று அன்றைக்கே கேட்டுவிடுகிறேன்.

வடமராட்சியான், லண்டன்:

வந்தார், வருகிறார். இப்போது ஒரு மணி நாலு நிமிடம். கைத்தடி இன்னும் இருக்கிறது.

சனி காலையில் ஏரிப் பக்கம் காற்று அடிக்கும், காதை மூடுகிற தொப்பி கொண்டுபோங்கள். மகளின் கைபேசியை முழுதாக சார்ஜ் போட்டு அனுப்புங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்.