டான் பேக்ஸ்லைடின் பாய்ச்சலை வரைவதில் சிக்கல்: உதவி தேவை

சக் ஜோன்ஸ் இயக்கி 1942-இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘தி டோவர் பாய்ஸ்’ கார்ட்டூனின் வில்லன் டான் பேக்ஸ்லைடை வைத்து அனிமேஷன் பயிற்சி செய்கிறேன். மெல் பிளாங்க் குரலில், காரைத் திருடப்போவதை ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நம்புகிற அந்த ஆள்தான். எனக்கு மிகவும் பிடித்த கார்ட்டூன் வில்லன்.

அவர் ஒரு தோரணையில் உறைந்து நிற்பார், அடுத்த நொடி இழுபட்ட வண்ணக்கோடாகி வேறொரு தோரணையில் போய் நிற்பார். அந்த இழுபட்ட வரைபடம், அதாவது ஸ்மியர்தான் எனக்கு வரவில்லை. ஓடவிட்டால் பாய்ச்சலாகத் தெரியாமல், ஆள் மறைந்து வேறிடத்தில் முளைத்தது போல வெட்டுகிறது.

கிரிட்டா என்ற வரைகலை மென்பொருளில் வரைகிறேன், நொடிக்கு 24 ஃபிரேம். ஸ்மியரை ஒரு ஃபிரேம் வைத்தேன், வெட்டல். இரண்டாக்கினேன், உருவம் ரப்பர் போலத் தொங்குகிறது. பாய்வதற்கு முன் உடலைப் பின்னுக்கு இழுக்கும் அசைவைச் சேர்த்ததில் கொஞ்சம் தேறியது, ஆனால் வில்லனுக்குரிய அந்த மிடுக்கு போய்விட்டது. மோஷன் பிளர் போட்டால் மங்கல்தான் மிச்சம், வடிவமே இல்லை. பிளேபேக்கில் ஃபிரேம் எதுவும் விடுபடவில்லை. வீடியோவாக ஏற்றுமதி செய்து பார்த்தாலும் அதே கதைதான். அடுத்த வாரம் வகுப்பில் காட்ட வேண்டும்.

கையால் வரைந்து பழகியவர்கள் சொல்லுங்கள்: ஸ்மியர் வரைபடம் முதல் தோரணையையும் கடைசித் தோரணையையும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா, அல்லது நடுவில் தனியாக நின்றால் போதுமா?