குவாதலூப்: பிரான்சோடு இருப்பது லாபமா, நட்டமா?

பொன்னேரி:
கரீபியன் தீவுகளைப் பற்றிப் பேசும்போது போன வாரம் இங்கே ஒருவர், "குவாதலூப்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். யூரோ புழங்குகிறது, பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த தீவு அது. கரும்புக்காக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். 1794இல் கொடுத்த விடுதலையை 1802இல் நெப்போலியன் பிடுங்கிக்கொண்டார். மறுபடி அடிமையாக மாட்டோம் என்று நின்ற லூயி டெல்கிரெஸையும் அவரோடு இருந்த சுமார் 300 பேரையும் மத்தூபா மலைச்சரிவில் ஒரு தோட்ட வீட்டில் படை சுற்றி வளைத்தது. வெடிமருந்தைப் பரப்பி வைத்துக் காத்திருந்து, படை நெருங்கியதும் பற்ற வைத்துத் தாங்களும் மாண்டார்கள். அப்புறம் 46 வருடம் கழித்து, 1848இல்தான் விடுதலை.

1946இல் காலனி என்ற பெயர் போய் பிரான்சின் மாகாணம் ஆனது. பொருளாதாரம் பழையபடியேதான்: விளைவது வாழையும் கரும்பும், சாப்பிடுவது கப்பலில் வருவது. 2022 கணக்குப்படி உணவுப்பொருள் விலை பிரான்சைவிட 40 சதவீதத்துக்கும் மேல் அதிகம். 2009இல் 44 நாள் தீவு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது இந்த விலைவாசிக்காகத்தான்.

வைகறை:
வரலாறு நீங்கள் சொன்னபடிதான். ஆனால் வரைபடத்தையும் பாருங்கள் பொன்னேரி. வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு இறக்கை. மேற்கே பாஸ்-தெர், மழைக்காடும் 1,467 மீட்டர் உயர லா சூஃப்ரியேர் எரிமலையும். கிழக்கே கிராந்த்-தெர், சுண்ணாம்புப் பாறைமேல் தட்டையான கரும்பு நிலம். 1976இல் எரிமலை குமுறியபோது 70,000 பேருக்கு மேல் மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருக்க வேண்டிவந்தது. அந்தச் செலவைத் தாங்க ஒரு பெரிய அரசு இருந்தது.

தெற்கே பக்கத்துத் தீவு டொமினிக்கா, 1978இல் சுதந்திரம் பெற்ற நாடு. 2017இல் மரியா புயல் அடித்தபோது அதன் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சேதம். அங்கிருந்தும் ஹைட்டியிலிருந்தும் பிழைப்பு தேடி குவாதலூப்புக்குத்தான் வருகிறார்கள். 2003 வாக்கெடுப்பில் 73 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றதையும் மறக்க வேண்டாம்.

பொன்னேரி:
2003இல் சுதந்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாகாண சபையையும் பிராந்திய சபையையும் ஒன்றாக்கலாமா என்றுதான் கேட்டார்கள். அதை பிரான்சுக்கு விழுந்த ஓட்டாகக் காட்டுவது நியாயமில்லை.

குளோர்டெகோனுக்கு வாருங்கள். வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் மரத்தடியில் தூவிய நச்சுப் பூச்சிமருந்து அது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1970களிலேயே நின்றுவிட்டது. பிரான்ஸ் 1990இல் தடை செய்தது, ஆனால் இந்தத் தீவுகளின் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் 1993 வரை விலக்கு! மழை அதை மண்ணுக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோனது. கிழங்குகளில் ஏறுகிறது, கரையோர மீனில் இருக்கிறது, பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் ரத்தத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் யாரையும் கூண்டில் ஏற்றாமலே வழக்கை மூடினார்கள். பாரிஸுக்குப் பக்கத்து மாகாணத்தில் இப்படி விட்டிருப்பார்களா?

காரைக்கால் சாந்தி:
இந்தக் கதையில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பலில் தொடங்கி 1889 வரை 40,000 பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை என்றார்கள். தீவின் காப்பெஸ்தர் ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் ஜெயித்தது. பொன்னேரி அண்ணா, அவர் போராடிக் கேட்டதே பிரெஞ்சுக் குடியுரிமையைத்தான். அந்தப் பேரப்பிள்ளைகளிடம் போய் அதை விட்டுவிடுங்கள் என்று நாம் எப்படிச் சொல்வது?

வைகறை:
சாந்தி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். குளோர்டெகோனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், அது அநியாயம். ஆனால் அந்த விலக்குக்காக நெருக்கியவர்கள் அந்தத் தீவுகளின் தோட்ட முதலாளிகளே. தண்ணீரையும் பாருங்கள். பாஸ்-தெர் மலையில் மழை கொட்டுகிறது, ஆனால் வீடுகளுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். குழாயில் போவதில் பாதிக்கு மேல் ஓட்டையில் ஒழுகிவிடுகிறது. அந்தக் குழாய்களைப் பல வருடம் நிர்வகித்தது உள்ளூர் அமைப்புகள்.

பொன்னேரி:
சாந்தி, பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குடியுரிமை இருக்கட்டும். வாழை இன்றைக்கு ஐரோப்பிய மானியத்தில்தான் நிற்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு உள்ளூரில் தின்னும் காய்கறிக்குப் போகட்டும். டொமினிக்காவில் விளைவதை ஐரோப்பிய விதிகள் குறுக்கே வராமல் நேரே வாங்கும் உரிமை தீவுக்கு வேண்டும். விஷம் ஏறிய நிலத்துக்கும் உடம்புக்கும் நட்டஈட்டை பாரிஸ் கொடுக்கட்டும். இந்த மூன்றில் எதை மறுக்கிறீர்கள் வைகறை?